குகன் உருமி இணைக்கப்பட்டது

சந்திரகலாவின் பழைய கார் கிள்ளான் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. பின்னால் வந்தவர்கள் ஹார்ன் அடித்தே அவளை அழவைத்தார்கள். அடுத்த வாரமே அவள் வேறு காரை வாங்கிவிட்டாள். புதியதல்ல, ஒருவர் ஓட்டிய சாம்பல் நிறக் கார். இன்ஜின் நன்றாக இருந்தது, ஏர்கோன் குளிர்ந்தது. அவளுக்கு அதில் மிகவும் பிடித்தது டாஷ்போர்டில் இருந்த பெரிய தொடுதிரை பிளேயர்தான். கைத்தொலைபேசியைக் கைப்பையிலிருந்து எடுக்கக்கூட வேண்டாம். காரில் ஏறினாலே புளூடூத் பிடித்துக்கொண்டு அவளுடைய பாட்டு ஓட ஆரம்பித்துவிடும்.

காப்பாரில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்தில் அவள் தாதி. மதியம் இரண்டு மணிக்கு வேலை தொடங்கும். கிள்ளானிலிருந்து ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் போதும். நாள் முழுக்க இயந்திரங்களின் பீப் சத்தத்துக்கு நடுவில் நிற்பவளுக்கு அந்த அரை மணி நேரப் பாட்டுதான் சொந்த நேரம்.

கார் வாங்கி நான்காவது மாதத்தில் காப்பார் சாலையில் ரோட்டு வேலை ஆரம்பித்தது. ஒரு வளைவில் பாதிச் சாலையை அடைத்துவிட்டார்கள். வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் 'நில்' என்றும் 'போ' என்றும் எழுதிய பலகையைத் திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருப்பார். அதுவரை எண்பதில் பறந்துபோன இடத்தில் இப்போது ஐந்து நிமிடம், பத்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. வலப்பக்கம் செம்பனைத் தோட்டம். இடப்பக்கம் இடுப்பளவு லாலாங் புல்லும், அதற்கப்பால் பாசியும் செடியும் மூடிய அகலமான பாரிட் கால்வாயும். தண்ணீர் இருப்பதே தெரியாது, பச்சையாக மட்டும் தெரியும்.

அங்கே நின்றுகொண்டிருந்த ஒரு மதியம்தான் அவளுடைய பாட்டு பாதியில் அறுந்தது.

இரண்டு விநாடி அமைதி. பிறகு கார் முழுக்க உருமியின் முனகல் எழுந்தது. யாரோ தோலில் குச்சியை இழுத்து இழுத்துத் தேய்க்கும் அந்தச் சத்தம் கதவுகளில் அதிர்ந்தது. "ஒன்னு, ரெண்டு, மூனு, எடு" என்றது ஓர் ஆண் குரல். மற்ற மேளங்கள் சேர்ந்துகொண்டன. தூரத்தில் ஒரு பெண் சிரித்தாள். திரையில் ஆங்கில எழுத்தில் ஒரு பெயர் வந்திருந்தது. 'குகன் உருமி, இணைக்கப்பட்டது.'

பக்கத்தில் ஏதோ வண்டியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. பின்னால் ஒரு சீனக் கிழவரின் வேன். பலகை திரும்பியது. இருபது அடி நகர்ந்ததும் மேளம் நின்று அவளுடைய பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

மறுநாள் அதே வளைவில் அதுவே நடந்தது. முன்னால் லோரி இல்லை, பின்னால் வேன் இல்லை. ஆனால் மேளம் முதலிலிருந்து தொடங்கவில்லை. நேற்று அந்தப் பெண்ணின் சிரிப்போடு அறுந்தது. இன்று சிரிப்பின் மிச்சத்திலிருந்து தொடங்கியது. சந்திரகலா ஏர்கோனைக் குறைத்தாள். குளிர் அதனால் வரவில்லை என்று அவளுக்கே தெரிந்தது.

மூன்றாம் நாள் மேளக்காரர்களுக்குள் ஏதோ தவறிப்போய் எல்லாரும் நிறுத்தினார்கள். அந்தக் குரல், "பரவால்ல, மறுபடி வா" என்றது. அத்தோடு பலகை திரும்பிவிட்டது. அன்று இரவு தூங்கப் போகும்போது, நாளை அவர்கள் மறுபடி எப்படித் தொடங்குவார்கள் என்று அவள் மனம் காத்திருந்தது. அதை உணர்ந்தபோதுதான் உண்மையாகவே பயந்தாள்.

அவள் தம்பி யுகேந்திரனுக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் கார் ஆடியோ கடை. ஞாயிற்றுக்கிழமை காரைக் கொண்டுபோய் அவன் கடை வாசலில் நிறுத்தினாள்.

"இதுல என்னக்கா இருக்கு?" என்று சிரித்தான் அவன். "பழைய ஓனர் ஹேன்போன் பேரு லிஸ்ட்ல அப்படியே கிடக்கு. அந்த ஆளு வீடு அங்க பக்கத்துல இருக்கும். நீ கிட்ட போனா தானா பிடிச்சுக்குது. அவ்ளோதான்."

"அங்க வீடே இல்லடா. ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் பாரிட்."

"புளூடூத் பத்து மீட்டர்தான் லா போகும். யாராச்சும் இருந்தாதான் வரும்." அவன் அந்தப் பெயரை அழித்தான். பிளேயரையே புதிதாக இருந்த நிலைக்கு மாற்றினான். "முடிஞ்சது. இனிமே வேற எந்த போனும் நீ சரின்னு சொல்லாம உள்ள வர முடியாது."

மறுநாள் ஒன்றரை மணிக்கு அந்தக் குரல், "ஒன்னு, ரெண்டு, மூனு, எடு" என்றது. திரை எந்த அனுமதியும் கேட்கவில்லை.

சந்திரகலா அங்கிருந்தே தம்பிக்குப் போன் செய்தாள். அழைப்பின் பின்னால் மேளம் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். "நாளைக்கு நானும் வரேன்க்கா" என்றான்.

செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். வளைவுக்கு முன்னால் காரை ஓரங்கட்டச் சொன்னான். வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. மேளம் ஆரம்பித்ததும் தன் கைத்தொலைபேசியில் சுற்றியிருக்கும் புளூடூத் கருவிகளைத் தேடும் செயலியைத் திறந்துகொண்டு இறங்கினான். காரைச் சுற்றினான். சாலை வேலை செய்பவர்களிடம் போய்ப் பேசினான். புல்லை விலக்கிக்கொண்டு பாரிட் ஓரம் வரை போனான். அங்கே ஒரு பெரிய உடும்பு சத்தமில்லாமல் செடிகளுக்குள் இறங்கியதைச் சந்திரகலா காரிலிருந்தே பார்த்தாள். இலைகள் விலகி, பிறகு ஒன்றும் நடக்காதது போல மூடிக்கொண்டன.

யுகேந்திரன் திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என் போன்ல ஒன்னும் காட்டலக்கா. உன் போனு, உன் காரு, வேலை செய்றவங்க போன் நாலு. அவ்ளோதான். குகன்னு ஒன்னும் இல்ல."

"கார்ல மட்டும் எப்படிடா காட்டுது?"

அவன் பதில் சொல்லும் முன் மேளம் நின்றது. திரை கறுத்து, பிறகு பச்சை வட்டம் ஒன்று தோன்றியது. 'அம்மு' என்ற பெயரும் அதற்குக் கீழே ஒரு எண்ணும். காரின் ஒலிபெருக்கிகளில் மணி அடிக்கத் தொடங்கியது. யாரோ யாரையோ அழைக்கிறார்கள். இவர்கள் இருவரும் எதையும் தொடவில்லை.

நான்கு முறை அடித்தது. பிறகு அந்த எண் இப்போது பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள். அழைப்பு முடிந்தது. உடனே மறுபடி அழைத்தது. மறுபடி அதே பெண். மறுபடி. ஐந்தாவது முறையில் யுகேந்திரன், "அக்கா, காரை எடு" என்றான். அவன் குரல் சிறுவயதில் இருந்ததைப் போல இருந்தது.

ஆனால் சந்திரகலா முதலில் அந்த எண்ணைக் கைப்பையில் கிடந்த மருந்துச் சீட்டின் பின்னால் எழுதிக்கொண்டாள். அவள் பல வருடமாகத் தாதி. கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் ஒருவரை விட்டுவிட்டுப் போவது அவளுக்கு வராது.

கார் விற்ற கடைக்காரரிடம் கேட்டபோது முதலில் மழுப்பினார். பிறகு முந்தைய உரிமையாளரின் பெயரைச் சொன்னார். தாமரை. காப்பாரில் ஒரு வீடமைப்புத் தாமான், மூலை வீடு.

புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அக்காவும் தம்பியும் போனார்கள். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்து மூன்று வயதிருக்கும். பாலர்பள்ளி ஆசிரியை, கையில் வண்ணத்தாள் துணுக்குகள் ஒட்டியிருந்தன. காரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"காருல எதுவும் பிரச்சனைன்னா கடையில கேளுங்க. நான் எல்லாம் சொல்லித்தான் கொடுத்தேன்."

"பிரச்சனை இல்லம்மா" என்றாள் சந்திரகலா. "குகன்னு யாரு?"

தாமரை கதவைப் பாதி மூடினாள். பிறகு, தெருவில் யாராவது கேட்பார்களோ என்று நினைத்தவள் போல, அவர்களை உள்ளே விட்டாள்.

"என் வீட்டுக்காரரு. உருமி மேளக் குழு வச்சிருந்தாரு. ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு, போய்ட்டாரு."

"இறந்துட்டாரா?"

"போய்ட்டாருன்னு சொன்னேன்." அவள் எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே பேசினாள். "அன்னைக்குக் காலையில பெரிய சண்டை. கார் எனக்கு வேணும்னு சொல்லிட்டேன், மோட்டார எடுத்துக்கிட்டுக் கிள்ளானுக்கு பிராக்டிஸ் போனாரு. வரல. போன் அடிச்சா போகல. ரிப்போர்ட் கொடுத்தேன். ஒரு வாரத்துல சொந்தக்காரர் ஒருத்தர் வந்து, டெங்கில் டவுன்ல பார்த்தேன், ஒரு பொண்ணோட பசார்ல நின்னுக்கிட்டு இருந்தாருன்னு சொன்னாரு. அப்புறம் இன்னொருத்தர் சொன்னாரு. நானே ஸ்டேஷனுக்குப் போயி, தேட வேணாம், ஆளு இருக்குற இடம் தெரிஞ்சிருச்சுன்னு சொல்லிட்டு வந்தேன். காரை வித்தேன். நம்பரை மாத்துனேன். எப்பவாச்சும் கூப்பிட்டா நான் அவருக்குக் கிடைக்கக் கூடாதுன்னுதான் மாத்துனேன்."

சந்திரகலா மருந்துச் சீட்டை நீட்டினாள்.

தாமரை அந்த எண்ணைப் பார்த்தாள். "இது என் பழைய நம்பரு. யாரு கொடுத்தா?"

"கார் கொடுத்துச்சு. 'அம்மு'ன்னு காட்டுச்சு."

தாமரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நடந்ததையெல்லாம் சந்திரகலா ஒன்றுவிடாமல் சொன்னாள். மேளம், எண்ணும் குரல், தவறிப்போனது, 'பரவால்ல, மறுபடி வா'. பின்னால் ஒரு பெண் சிரித்தாள் என்று சொன்னபோது தாமரை தலையைத் தூக்கினாள்.

"அது நான்தான். இந்த வீட்டுக்குப் பின்னால, தைப்பூசத்துக்கு முந்தி எடுத்தது. குழுவுல புதுசா வந்தவரு குச்சியைத் தவறவிட்டுட்டாரு. அதுக்குத்தான் சிரிச்சேன்." பிறகு யுகேந்திரனைப் பார்த்துக் கேட்டாள், "யாராச்சும் போனைத் திருடி வச்சிருக்கலாம்தானே?"

"இருக்கலாம் சிஸ்டர்" என்றான் அவன். "ஆனா அந்த இடத்துல ஆளே இல்ல. நான் நடந்து பார்த்துட்டேன்."

தாமரை எழுந்துபோய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். "அந்த இடத்தைக் காட்டுங்க."

பாரிட் பக்கமாகக் காரை நிறுத்த, கிள்ளான் வரை போய்த் திரும்பி வர வேண்டியிருந்தது. தாமரை முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். தன் பழைய காரில் எதையும் தொடாமல், கைகளை மடியில் வைத்திருந்தாள். வளைவில் சந்திரகலா ஓரங்கட்டினாள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. சந்திரகலாவின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள். சாலை வேலை இயந்திரம் தூரத்தில் இரைந்தது. பலகை இரண்டு முறை திரும்பியது. வண்டிகள் இவர்களைத் தாண்டிப் போயின.

"போலாம்க்கா" என்றாள் தாமரை. அவள் முகத்தில் கோபம் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. "உங்களைத் தப்பா நினைக்கல. ஆனா எனக்கு..."

திரை கறுத்தது. குகன் உருமி, இணைக்கப்பட்டது.

இந்த முறை மேளம் இல்லை. பச்சை வட்டம் நேராகத் தோன்றியது. அம்மு. ஆனால் கீழே இருந்த எண் வேறு. பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த யுகேந்திரன், "இது அந்த நம்பர் இல்லையே" என்றான்.

தாமரை வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய புதிய எண். குகன் போன பிறகு வாங்கியது.

காரின் ஒலிபெருக்கியில் மணி அடித்தது. அதே நேரம் அவள் மடியில் இருந்த கைப்பைக்குள் கைத்தொலைபேசி அதிர்ந்தது.

அவள் அதை எடுத்துக் காதில் வைத்தாள். "எங்க இருக்கீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் குரல் காரின் நான்கு மூலைகளிலிருந்தும் திரும்பி வந்தது. மறுமுனையில் என்ன என்று மற்ற இருவருக்கும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். தாமரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அரை நிமிடம் இருக்கும். பிறகு போனை இருக்கையில் வைத்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

புல்லுக்குள் அவள் தயங்காமல் நடந்தாள். யுகேந்திரன் முன்பு நின்ற இடத்தைத் தாண்டி, இடப்பக்கமாகப் பத்து அடி போய், பாரிட்டின் விளிம்பில் நின்றாள். சந்திரகலா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விட்டால் இறங்கிவிடுவாள் போலிருந்தது.

"இங்கதான்க்கா" என்றாள் தாமரை. "இங்கதான் இருக்காரு."

சாலை வேலையின் மேற்பார்வையாளரிடம் எதைச் சொல்வது என்று யுகேந்திரனுக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் தெரிகிறது என்று பொய் சொன்னான். அவர் வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தாமரையின் முகத்தைப் பார்த்துவிட்டு மண் அள்ளும் இயந்திரத்தைக் கூப்பிட்டார். இயந்திரத்தின் கை செடிகளை வழித்து எடுத்தது. கறுப்புத் தண்ணீர் வெளியே தெரிந்தது. இரண்டாவது முறை இறங்கியபோது இரும்பில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. மேற்பார்வையாளர் கையைத் தூக்கி எல்லாவற்றையும் நிறுத்தினார்.

போலீஸ் வந்தது. போம்பா தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எடுத்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மோட்டார் சைக்கிளும் மழைக்கோட்டும் தலைக்கவசமும், மழைக்கோட்டுக்குள் மிச்சமிருந்த அவரும். மழையில் வழுக்கியிருக்க வேண்டும் என்றார் ஓர் அதிகாரி. இங்கே தடுப்பு எதுவும் கிடையாது. வண்டி காப்பாரை நோக்கி வந்துகொண்டிருந்தது என்பதில் சந்தேகமில்லை. அன்று இரவே, சண்டை போட்ட அன்றே, வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

தாமரை அழவில்லை. "டெங்கில்ல பார்த்தேன்னு சொன்னாங்களே" என்று மட்டும் மூன்று நான்கு முறை சொன்னாள். சந்திரகலா அவளைச் சாலையோரத்தில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். காரில் கிடந்த தாமரையின் போனை எடுத்து யுகேந்திரன் அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தான். அன்று மதியம் எந்த அழைப்பும் வந்திருக்கவில்லை. மூன்று பேரும் கேட்ட மணி அதில் இல்லை.

மழைக்கோட்டுப் பையில் இருந்த கைத்தொலைபேசியைச் சில வாரங்களுக்குப் பிறகு தாமரையிடம் கொடுத்தார்கள். அதில் ஏதாவது எடுக்க முடியுமா என்று அவள் கேட்டதால், யுகேந்திரன் பிரிக்ஃபீல்ட்ஸில் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் காட்டினான். அவர் பின்மூடியைக் கழற்றியதும் தலையாட்டினார். உள்ளே பச்சைத் துருவும் சேறும்தான் இருந்தன. பேட்டரி உப்பி வெடித்திருந்தது. "பாஸ், இது தண்ணியில விழுந்த அன்னைக்கே செத்துருச்சு" என்றார். குகனின் எண்ணும் பல மாதங்களுக்கு முன்பே ரத்தாகியிருந்தது.

இறுதிச்சடங்கில் குகனின் குழுவினர் உருமி வாசித்தார்கள். டெங்கிலில் பார்த்ததாகச் சொன்ன சொந்தக்காரர் வந்திருந்தார். தாமரை அவரைத் திட்டவில்லை. அவர் தூரத்திலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

சில நாட்கள் கழித்து தாமரை சந்திரகலாவைக் கூப்பிட்டாள். அந்த மேளப் பதிவு எங்கும் இல்லை. போனோடு போய்விட்டது. பிளேயரில் அது தங்கியிருக்க வழியில்லை என்று யுகேந்திரனும் சொல்லிவிட்டான். "நீங்கதான் அதைக் கடைசியா கேட்டிருக்கீங்க அக்கா. எப்படி இருந்துச்சுன்னு சொல்றீங்களா?" சந்திரகலா அவள் வீட்டுக்குப் போய், மேசையில் விரலால் தட்டித் தட்டி, தனக்கு நினைவிருந்த வரை சொன்னாள். அவளுக்கு மேளம் தெரியாது. தாளம் தப்பியது. தப்பிய இடத்தில் தாமரை சிரித்துவிட்டாள். பிறகுதான் முதல்முறையாக அழுதாள்.

பிளேயரைக் கழற்றிவிடலாம் என்று யுகேந்திரன் பலமுறை சொன்னான். சந்திரகலா விடவில்லை. சாலை வேலை முடிந்து, வளைவில் இரும்புத் தடுப்பு போட்டுவிட்டார்கள். வண்டிகள் மறுபடி எண்பதில் போகின்றன. அதன் பிறகு அந்த இடத்தில் அவளுடைய பாட்டு ஒருபோதும் அறுந்ததில்லை.

தாமரை சில சனிக்கிழமைகளில் கிள்ளானுக்குச் சாமான் வாங்கப் போவாள். சந்திரகலா ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவந்து விடுவாள். அப்படி ஒருநாள் திரும்பும் வழியில், வளைவைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு, தாமரை தானாகவே பேசினாள்.

"அன்னைக்கு போன்ல அவரு என்ன சொன்னாருன்னு நீங்க கேக்கவே இல்லையே அக்கா."

"சொல்லணும்னு தோணுனா நீயே சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

தாமரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். செம்பனை மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின.

"ஒன்னுமே சொல்லல" என்றாள். "மூச்சு வாங்குற சத்தம்தான், அது வந்த பக்கம்தான் நடந்தேன். ரொம்ப தூரம் ஓடி வந்தவங்க, வாசல்ல நின்னு, பேசறதுக்கு முந்தி வாங்குவாங்களே, அப்படி."

சந்திரகலா இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்து ஓட்டினாள்.